புதிய மலிவு மடிக்கணினியா, பாவித்த திங்க்பேடா? கரையோர வியாபாரிக்கு எது பொருத்தம்?

கடன் கொப்பியை மூடி வைத்துவிட்டுக் கணக்கை மடிக்கணினிக்கு மாற்ற வேண்டும் என்ற எண்ணம் எமது பகுதி வியாபாரிகள் பலருக்கு வந்து நாளாகிவிட்டது. பாலாவியில் உப்பு எடுப்பவர், கற்பிட்டியில் கருவாடு மொத்தமாக வாங்குபவர், முந்தல் பக்கம் இறால் வளர்ப்பவர், நுரைச்சோலையிலிருந்து மரக்கறி ஏற்றி அனுப்புபவர் என எல்லோரிடமும் கேள்வி ஒன்றுதான். ஓர் இலட்சம் ரூபாவை அண்டிய தொகையுடன் கடைக்குப் போனால் மேசையில் இரண்டு பொருட்களை எடுத்து வைக்கிறார்கள். ஒன்று, பெட்டி பிரிக்காத புதிய மலிவு மடிக்கணினி. மற்றையது, வெளிநாட்டுக் கம்பனியொன்று சில வருடங்கள் பாவித்துக் கழித்துவிட்ட உயர்ரக மடிக்கணினி. விலையில் பெரிய வித்தியாசமில்லை. எதை எடுப்பது?

இந்தக் கேள்வி முன்பு இவ்வளவு கூர்மையாக இருக்கவில்லை. 2022 மார்ச் ஆரம்பத்தில் டொலர் ஒன்று 200 ரூபாவை ஒட்டி இருந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. இறக்குமதிப் பொருட்களின் விலை ஏறிய ஏற்றத்தில் நடுத்தர ரகப் புதிய மடிக்கணினி சிறு வியாபாரியின் கைக்கு எட்டாமல் போனது. எஞ்சியவை இந்த இரண்டு வகைகளும்தான்.

முதலில் பொருளை அடையாளம் கண்டுகொள்வோம். புதிய மலிவு ரகத்தில் ஏசுஸ் விவோபுக் கோ 15, லெனோவோ ஐடியாபேட் 1 போன்றவை எமது சந்தைக்கு வந்தவை. பாவித்த ரகத்தில் மிகப் பிரபலமானது 2018 இல் வெளிவந்த லெனோவோ திங்க்பேட் டி480. டெல் லெட்டிடியூட் 7490, எச்.பி. எலைட்புக் 840 ஜி5 ஆகியவையும் அதே வயது, அதே தரம். இந்தக் கட்டுரையில் டி480 பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி மற்ற இரண்டுக்கும் பொருந்தும். பற்றரி விடயம் மட்டும் பொருந்தாது.

பெயரை மட்டும் பார்த்து வாங்குவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விவோபுக் கோ 15 என்ற ஒரே பெயரில் பல வகைச் சில்லுகளுடன் மடிக்கணினிகள் உண்டு. டி480 உம் அப்படித்தான். பெரும்பாலானவற்றில் இன்டெல்லின் எட்டாந் தலைமுறைச் சில்லு இருக்கும். சிலவற்றில் ஏழாந் தலைமுறைச் சில்லு இருக்கும். வெளியில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் இந்த ஒரு தலைமுறை வித்தியாசம் பல ஆயிரம் ரூபா பெறுமதியானது. மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 உடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 க்கு இன்டெல் சில்லென்றால் எட்டாந் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் பொது நிபந்தனை. ஏழாந் தலைமுறையில் வேறு வழிகளில் ஏற்றித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். ஏற்றலாம், ஓடும். ஆனால் பாதுகாப்புப் புதுப்பித்தல்கள் தொடர்ந்து வரும் என்பதற்கு எவரும் பொறுப்பில்லை. வங்கிக் கணக்கைத் திறக்கும் இயந்திரத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். ஆகவே கடைக்காரர் “ஐ5 பாருங்கள்” என்று சொன்னால் அத்துடன் நிற்காமல் அதன் முழு இலக்கத்தையும் கேளுங்கள். 8250யூ அல்லது 8350யூ என்றால் சரி. 7200யூ, 7300யூ என்றால் வேண்டாம்.

புதியவற்றிலும் இதே கவனம் தேவை. செலரோன் என்4020, என்4500 ஆகிய சில்லுகளில் இரண்டு கோர்களே உள்ளன. 2023 இல் வந்த இன்டெல் என்100 இல் நான்கு கோர்கள். பெட்டியின் மேல் “புதியது” என்ற ஒரே சொல் இருந்தாலும் இவற்றுக்கிடையே பாரிய இடைவெளி உண்டு. என்100 ஐ ஐ5-8250யூ உடன் ஒப்பிட்டால் நாளாந்த வேலையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். ஐந்து வருடம் பிந்திய சில்லு என்பதால் என்100 குறைந்த மின்சாரத்தில் அதே வேலையைச் செய்கிறது. அடக்க விலை, விற்பனைப் பட்டியல், கடிதம், வாட்ஸ்அப், வங்கி இணையத்தளம் ஆகியவற்றுக்கு இரண்டுமே தாராளம். எனவே வேகம் குறைவு என்ற காரணத்தால் புதியதைக் கழிக்க வேண்டியதில்லை. கழிக்க வேண்டியது செலரோன் வகையை.

உண்மையான வித்தியாசம் ரேமிலும் சேமிப்பகத்திலும்தான். மலிவுப் புதியவற்றில் பல 4 ஜி.பி. ரேமுடன் வருகின்றன. விண்டோஸ் 11 தானே அதில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் எக்செல் ஒன்று, இணைய உலாவியில் நான்கைந்து பக்கங்கள் என்று திறந்தால் இயந்திரம் மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். “பிறகு கூட்டிக்கொள்ளலாம்” என்று கடையில் சொன்னால், எங்கே கூட்டுவது என்று கேளுங்கள். விவோபுக் கோ 15 போன்றவற்றில் ரேம் தாய்ப்பலகையில் ஒட்டியே வருகிறது. வாங்கிய அளவுதான் கடைசி வரைக்கும். டி480 இல் ரேமுக்கு இரண்டு இடங்கள் உண்டு, எந்தத் திருத்துநரும் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார். ஆனால் 2025 இறுதியில் உலகச் சந்தையில் ரேம் விலை கடுமையாக ஏறியது என்பதால், பிறகு கூட்டுவதைவிட வாங்கும்போதே 16 ஜி.பி. உள்ளதாகப் பார்த்து எடுப்பது இலாபம். 8 ஜி.பி. க்குக் குறைந்த எதையும், புதியதோ பழையதோ, இன்றைக்கு வாங்க வேண்டாம்.

சேமிப்பகத்தில் ஒரு பொறி இருக்கிறது. மலிவான சில மொடல்களில் ஈஎம்எம்சி என்ற சேமிப்பகத்தைப் பொருத்தி “எஸ்.எஸ்.டி. மாதிரித்தான்” என்று விற்கிறார்கள். மாதிரியல்ல. வேகம் குறைவு, அத்துடன் அதுவும் பலகையில் ஒட்டப்பட்டது. பழுதானால் கழற்றி மாற்ற முடியாது, தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும். அதற்குள்ளே இருந்த கணக்குகள் அத்துடன் சரி. கழற்றக்கூடிய எஸ்.எஸ்.டி. ஆக இருந்தால் இயந்திரம் செத்தாலும் அதை எடுத்து வேறொன்றில் போட்டுப் பார்க்கலாம்.

மின்சாரம் நின்றால்

900 மெகாவோட் நிலக்கரி மின்நிலையம் எமது நுரைச்சோலையில்தான் இருக்கிறது. அதற்காக மின்வெட்டு எம்மை விட்டுவைத்ததில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது நுரைச்சோலையின் இயந்திரங்கள் நின்றுபோயின. அதனால் அடுத்து வந்த நாட்களிலும் மின்வெட்டு. மேசைக் கணினியை விட்டு மடிக்கணினிக்கு வருவதற்கே எமது பக்கத்தில் முதற் காரணம் இதுதான்.

இந்த இடத்தில் டி480 க்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதில் இரண்டு பற்றரிகள். ஒன்று உள்ளே, 24 வோட்-மணி. மற்றொன்று பின்பக்கமாகக் கழற்றி மாட்டுவது, 24, 48, 72 வோட்-மணி என மூன்று அளவுகளில் வந்தது. வெளிப் பற்றரியைக் கழற்றும்போது உள்ளே இருப்பது இயந்திரத்தைத் தாங்கிக்கொள்ளும், நிறுத்தாமலேயே மாற்றலாம். கணக்கைப் பாருங்கள். சாதாரண அலுவலக வேலையில் இந்த இயந்திரம் சுமார் 10 வோட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், புதிய 72 வோட்-மணிப் பற்றரி ஒன்று மட்டும் ஏழு மணித்தியாலம் இழுக்கும். விவோபுக் கோ 15 இன் பற்றரி 42 வோட்-மணி. சில்லு சிக்கனமானது என்பதால் 8 வோட் என்று கொண்டால் ஐந்து மணித்தியாலம்.

ஆனால் இது புதிய பற்றரியின் கணக்கு. பாவித்த இயந்திரத்துடன் வரும் பற்றரி பாவித்ததாகவே இருக்கும். 24 உம் 24 உம் சேர்ந்து 48 ஆக இருக்க வேண்டியது தேய்ந்து 30 க்கு வந்திருக்கும். அதாவது மூன்று மணித்தியாலம். கடைக்காரரின் வாய்வார்த்தையை நம்ப வேண்டிய அவசியமில்லை. பற்றரியின் ஆரம்பக் கொள்ளளவையும் இப்போது நிரம்பும் அளவையும் அருகருகே காட்டும் அறிக்கையொன்றை விண்டோஸே தயாரித்துத் தரும். அதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எழுபது வீதத்துக்குக் கீழே என்றால் புதிய பற்றரியின் விலையைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள். போலிப் பற்றரிகள் சந்தையில் நிறைய உண்டு. மேலே 72 என்று அச்சிட்டு உள்ளே பாதியும் இல்லாதவையும் அவற்றில் உண்டு.

உப்புக் காற்று

இனி, கொழும்பில் உள்ளவர் யோசிக்கத் தேவையில்லாத, நாம் யோசித்தே ஆக வேண்டிய விடயம். உப்பு மூட்டை மழைக்காலத்தில் ஏன் வியர்க்கிறது என்று எமது பகுதியில் சிறு பிள்ளைக்கும் தெரியும். காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டும்போது உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்குகிறது. மடிக்கணினிக்குள் நடப்பதும் அதுவேதான். மின்விசிறி உள்ளே இழுக்கும் காற்றுடன் நுண்ணிய உப்பும் போய்ச் சர்க்கிட் பலகையில் படிகிறது. பகலில் இயந்திரம் சூடாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. இரவில் கடையைப் பூட்டிய பின் ஈரப்பதன் ஏறும். படிந்த உப்பு உப்புநீராகும். செம்புத் தடங்கள் பச்சை பிடிக்கும். கற்பிட்டி, கண்டக்குளிப் பக்கங்களில் தொலைக்காட்சியும் குளிர்சாதனப் பெட்டியும் ஏன் ஆயுள் குறைகின்றன என்பதற்கும் இதுவே விடை.

இதில் புதிய மலிவு இயந்திரத்துக்கு ஓர் அனுகூலம் கிடைக்கிறது. என்100 சில்லு வெறும் 6 வோட் அளவில் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டது, ஆகவே சில மொடல்களில் மின்விசிறியே கிடையாது. விசிறி இல்லையென்றால் உப்பும் கருவாட்டுத் தூசியும் உள்ளே இழுபடுவது வெகுவாகக் குறையும். கடலோர வாடியிலோ உப்பளக் கொட்டிலிலோ வைத்துப் பாவிப்பவருக்கு இது சிறிய விடயமல்ல. டி480 க்கு விசிறி உண்டு. அதற்குப் பதிலாக அதன் பின்மூடியைக் கழற்றுவது இலகு, விசிறியும் தாராளமாகக் கிடைக்கிறது, விசைப்பலகையில் தேநீர் கொட்டினால் வடிந்தோட வழியும் வைத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்து துப்புரவு செய்விப்பீர்கள் என்றால் அது தாங்கும். செய்விக்க மாட்டீர்கள் என்றால் விசிறியில்லாததைத் தேடுங்கள்.

பாவித்ததை வாங்கும்போது எத்தனை வருடம் பாவித்தது என்று எல்லோரும் கேட்கிறோம். எங்கே பாவித்தது என்று கேட்பவர் குறைவு. வெளிநாட்டில் குளிரூட்டிய அலுவலகத்தில் ஐந்து வருடம் இருந்த இயந்திரம், எமது கடற்கரையில் ஒரு வருடம் இருந்ததைவிடச் சுத்தமாக இருக்கும். ஆகவே தெரிந்தவர் என்பதற்காக ஊருக்குள்ளே கைமாறும் மடிக்கணினியை வாங்குமுன் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். திருகாணிகளில் துரு, யூ.எஸ்.பி. துவாரங்களுக்குள் பச்சை நிறம், இவை இரண்டில் ஒன்று கண்ணில் பட்டாலும் விலை என்னவாக இருந்தாலும் வேண்டாம்.

டி480 இல் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். இதன் பக்கவாட்டில் யூ.எஸ்.பி.-சி துவாரங்கள் இரண்டு உண்டு, சார்ஜ் ஏறுவது அவற்றினூடாகத்தான். இந்த மொடலில் தண்டர்போல்ட் மென்பொருளில் இருந்த ஒரு குறையால் அந்தத் துவாரம் செயலிழக்கும் சிக்கல் வந்து, லெனோவோ நிறுவனம் பின்னர் திருத்தமொன்றை வெளியிட்டது. இரண்டு துவாரங்களிலும் மாறி மாறிச் சார்ஜரைக் குத்திப் பாருங்கள். அடுத்தது, ஜப்பானிலிருந்து வந்தவற்றில் விசைப்பலகை ஜப்பானிய எழுத்துகளுடன் இருக்கும். சில குறியீடுகள் இடம் மாறியிருக்கும், இடைவெளி விசை குட்டையாக இருக்கும். பழகிவிடலாம் என்பார்கள். நாள் முழுவதும் பில் அடிப்பவருக்கு அது தலையிடி. அவற்றின் சார்ஜர் செருகி தட்டையான இரண்டு ஊசிகளுடன் வரும். சார்ஜரில் 100-240 வோல்ட் என்று எழுதியிருந்தால் வயரை மட்டும் மாற்றினால் போதும்.

திரை, எடை, ஒலி போன்றவற்றில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை, இரண்டின் திரையும் வெயிலில் மங்கல்தான்.

உத்தரவாதமும் மார்க்கமும்

புதியதற்கு உத்தரவாதம் உண்டு, பழையதற்கு இல்லை என்பது பொதுவான பேச்சு. முழு உண்மையல்ல. பாவித்தவற்றுக்குச் சில கடைகள் தாமே சில மாத உத்தரவாதம் தருகின்றன. புதியதன் உத்தரவாதமும் பெரும்பாலும் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டிய உத்தரவாதம். கற்பிட்டியிலிருந்து பாலாவிக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்குப் போய், இரண்டு மூன்று கிழமை இயந்திரமில்லாமல் இருக்கும் செலவையும் கணக்கில் சேருங்கள். டி480 க்கு உதிரிப்பாகம் மலிவு, பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் அதிகம்.

எமது மார்க்கச் சட்டத்தில் இதற்கு அழகான வழி இருக்கிறது, நாம்தான் பயன்படுத்துவதில்லை. விற்பனை பேசும்போதே, திருப்பிக் கொடுக்கும் உரிமையை மூன்று நாள் வரை நிபந்தனையாக வைத்துக்கொள்ள ஷாபிஈ மத்ஹபில் இடமுண்டு. கியாருஷ் ஷர்த் என்பது அதுதான். வாங்கும் முன்பே இருந்த குறை பின்னர் தெரியவந்தால் திருப்பும் உரிமை வேறு, அது கியாருல் ஐப். “உள்ளபடி விற்கிறேன், எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை” என்று சொல்லி விற்பதால் விற்பவர் தப்பிவிட முடியாது என்பதும் எமது மத்ஹபின் நிலைப்பாடு. அதில் உள்ள விதிவிலக்கு, விற்பவருக்கே தெரியாமல் கால்நடையின் உள்ளே இருக்கும் குறையைப் பற்றியது. மடிக்கணினி கால்நடையல்ல! விரிவை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டுபிடித்த நபிகளாரின் சந்தைச் சம்பவத்தை எல்லோரும் மிம்பரில் கேட்டிருக்கிறோம். தேய்ந்த பற்றரியை மறைத்து விற்பதும் அதே ஈரத் தானியம்தான். மூன்று நாள் கேளுங்கள். அந்த மூன்று நாளில் பற்றரி, துவாரங்கள், சூடு, வை-ஃபை அனைத்தும் தெரிந்துவிடும். மூன்று நாள் தர மறுக்கும் கடையில் வாங்காமல் விடுவதே மேல்.

தவணைக்கு வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். தவணை விலை ரொக்க விலையைவிடக் கூடுதலாக இருந்தாலும், ஒரே விலையாக ஆரம்பத்திலேயே முடிவாகியிருந்தால் பெரும்பான்மை இமாம்களிடம் அது ஆகுமானது. தவணை பிந்தினால் தொகை ஏறும் என்ற நிபந்தனை வந்தால் அது வட்டி. பத்திரத்தில் அந்த வரி இருக்கிறதா என்று கையொப்பத்துக்கு முன் வாசியுங்கள்.

மென்பொருளிலும் ஹலால் ஹராம் உண்டு. மலிவுப் புதியவற்றில் சில விண்டோஸ் இல்லாமலேயே வருகின்றன, கடையில் திருட்டுப் பிரதியை ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது குற்றம். அதைவிட, திருட்டுப் பிரதியுடன் சேர்ந்து வரும் வைரஸ் உங்கள் வங்கிக் கடவுச்சொல்லைக் கொண்டுபோனால் யாரிடம் முறையிடுவது? கம்பனிகள் கழித்த டி480 வகைகளில் அசல் விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் இயந்திரத்துடனேயே வந்திருக்கும். எக்செலுக்குப் பணமில்லை என்றால் லிப்ரே ஒஃபிஸ் இலவசம், கடைக் கணக்குக்கு அது போதும்.

கணக்கை ஏன் இவ்வளவு அவசரமாக மாற்ற வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பெறுமதி சேர் வரிக்குப் பதிவுசெய்யும் வருடாந்த எல்லை 2024 ஜனவரி 1 இல் 8 கோடி ரூபாவிலிருந்து 6 கோடியாக இறங்கியது. அதை மேலும் 3 கோடி 60 இலட்சமாகக் குறைக்க 2026 ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டது. மொத்த வியாபாரத்தில் புரள்வு இந்த அளவைத் தொடுவது கடினமல்ல. வருமான வரி விபரத்திரட்டை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் ராமிஸ் முறையில் நவம்பர் 30 க்குள் கொடுக்க வேண்டும். கொப்பியில் கிடக்கும் கணக்கைக் கடைசி வாரத்தில் பொறுக்குவது பெரும் பாடு. ஸகாத்துக்கும் அப்படியே. கடையில் பாவிக்கும் மடிக்கணினி தொழிற்கருவி, அதற்கு ஸகாத் இல்லை. ஆனால் விற்பனைக்கு உள்ள சரக்கின் அன்றைய பெறுமதியைக் கணக்கிட்டு இரண்டரை வீதம் கொடுப்பதற்குச் சரக்குப் பட்டியல் கைவசம் இருக்க வேண்டும்.

இனி எனது அபிப்பிராயம். கடை ஊருக்குள்ளே, ஒரே மேசையில் வேலை, ஆறு மாதத்துக்கொரு முறை துப்புரவு செய்விக்கும் பழக்கம் உள்ளவர் என்றால் எட்டாந் தலைமுறை ஐ5, 16 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. உள்ள டி480 ஐ எடுத்துப் புதிய வெளிப் பற்றரி ஒன்றையும் போட்டுக்கொள்ளட்டும். அந்த விலைக்கு அதைவிட உறுதியான பொருள் இல்லை. கடலோரத்திலேயே வைத்திருப்பவர், பழுது பார்ப்பதில் பொறுமையில்லாதவர், வீட்டுப் பிள்ளைகளும் பாடசாலைக்குக் கொண்டுபோவார்கள் என்பவர், என்100 உம் 8 ஜி.பி. ரேமும் உண்மையான எஸ்.எஸ்.டி. உம் உள்ள புதியதை எடுக்கட்டும். இந்த இரண்டும் பட்ஜெட்டுக்குள் வரவில்லை என்றால் 4 ஜி.பி. செலரோனை வாங்குவதைவிட இன்னும் மூன்று மாதம் கொப்பியில் எழுதலாம்.

எதை வாங்கினாலும் பில் எடுக்க வேண்டும். நுகர்வோர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பில்லில் வெறுமனே “லெப்டொப் 1” என்று எழுத விடாதீர்கள். மொடல், சில்லின் இலக்கம், ரேம், சேமிப்பகத்தின் வகை, இயந்திரத்தின் தொடர் இலக்கம், உத்தரவாதம் எத்தனை மாதம், பற்றரியும் சார்ஜரும் அதற்குள் அடங்குமா என்பன எழுத்தில் இருக்க வேண்டும். மூன்று நாள் பேச்சையும் அதிலேயே எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பிணக்கு வந்தால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கும்போது முதலில் கேட்கப்போவது அந்தப் பில்லைத்தான்.